செம்பு கேப்சூலால் வெண்புள்ளி மாறுமா?

கேள்வி: என் மகளுக்கு (22) இரண்டு கையிலும் வெண்புள்ளி. கல்யாணம் பேசி வருகிறோம். மார்த்தாண்டத்தில் ஓர் ஏஜென்ட், 'செம்பு சேர்த்த வளைய பெப்டைடு, உடம்பிலுள்ள என்சைமின் வேலையை இதுவே செய்யும்' என்று கேப்சூல் தருகிறார். மாதம் 4,500 ரூபாய். வாங்கலாமா சார்?
– ஒரு தாய், குலசேகரம்

பதில்: வாங்காதீர்கள் அம்மா.

ஏஜென்ட் சொல்வதில் பாதி உண்மை. ஆட்கள் ஏமாறுவதும் அதனால்தான். தோலுக்கு நிறம் தரும் மெலனின் உண்டாக டைரோசினேஸ் என்ற என்சைம் (உடம்பின் வேதிவேலையை நடத்தும் புரதம்) வேண்டும். அதன் நடுவில் இரண்டு செம்பு அணுக்கள் இருக்கின்றன. புரதத்தின் சிறு கண்ணிகளான அமினோ அமிலங்களை வளையமாகக் கோத்தால் அதுதான் வளைய பெப்டைடு. அதில் செம்பைப் பொருத்தினால், அந்த வேலையில் ஒரு சிறு பங்கு நடக்கும். அதுவும் மெதுவாக, கண்ணாடிக் குப்பிக்குள். வேதியியல்காரர்களுக்கு அது நல்ல ஆராய்ச்சி, அவ்வளவுதான்.

வெண்புள்ளியில் நிறம் செய்யும் செல்களையே உடம்பின் எதிர்ப்புச் சக்தி அழித்துவிடுகிறது. ஆசாரி இல்லாத பட்டறைக்கு உளி எதற்கு? வளையம் வயிற்றில் செரிக்காது என்பார்கள். சில வளையங்கள் தாங்கும்தான். ஆனால் இரைப்பை அமிலத்தில் செம்பு பெரும்பாலும் கழன்றுவிடும். மிஞ்சுவது வெறும் செம்பு உப்பு.

கொஞ்சம் செம்பு எல்லாருக்கும் தேவை, சோற்றிலும் பருப்பிலும் அது கிடைத்துவிடுகிறது. ஆனால் வில்சன் நோய் உள்ளவர்களுக்குக் கூடுதல் செம்பு ஆபத்து. அவர்களுக்குச் செம்பு வெளியேறாமல் கல்லீரலிலும் மூளையிலும் தேங்கும். தாய், தகப்பன் இருவர் வழியாகவும் குறை வந்தால்தான் இந்த நோய் வரும். பெற்றோர் நன்றாகவே இருப்பார்கள். சொந்தத்தில் கட்டிய குடும்பமா? வீட்டில் யாருக்காவது சிறுவயதில் காரணம் தெரியாத காமாலையோ கைநடுக்கமோ வந்ததா? அப்படியானால் செம்பு மாத்திரை எதையும் தொடக்கூடாது. வீட்டில் ஒருவருக்கு நோய் உறுதியானால் உடன்பிறந்தவர்களையும் சோதிக்க வேண்டும்.

டப்பாவில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருக்கிறது என்பார் ஏஜென்ட். அது உணவு உரிமம். நோய் தீர்க்கும் என்பதற்குச் சான்றல்ல. வெண்புள்ளியைக் குணமாக்குவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சட்டம் இருந்து என்ன? புகாரோடு போனால் ஓர் அலுவலகம் 'இது உணவு' என்கிறது, இன்னொன்று 'இது மருந்து' என்கிறது. அதற்குள் ஏஜென்ட் டப்பாவின் பெயரை மாற்றிவிடுகிறார். வாட்ஸ்அப்பில் வரும் 'முன்பு, பின்பு' படங்களையும் நம்பாதீர்கள்.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவுக்கு மகளை அழைத்துப் போங்கள். பூச்சு மருந்தும் புற ஊதா ஒளிச் சிகிச்சையும் பலருக்கு நிறத்தைத் திரும்பக் கொண்டுவருகின்றன. மாதக்கணக்கில் ஆகும், கையின் விரல்நுனிகள் ரொம்பவே பிடிவாதம் பிடிக்கும். கேப்சூலை ஏற்கெனவே கொடுத்திருந்தால் நிறுத்திவிட்டு, டப்பாவையும் டாக்டரிடம் காட்டுங்கள்.