மனைக்கோடு கடைசியில்தான்: குடியிருப்பு வடிவமைப்பு குறித்த கேள்வி பதில்

கேள்வி: 40 ஏக்கர் நிலத்தில் 40 வீடுகள் கட்டத் திட்டமிட்டுள்ளோம். நடுவே ஓர் ஓடையும் சிறு காடும் இருக்கின்றன. வீடுகளைக் குறைக்காமல் அவற்றைக் காப்பாற்ற வழி உண்டா?

பதில்: உண்டு. வீட்டுக்கு ஓர் ஏக்கர் என்று பிரித்தால் பொதுவுக்கு எதுவும் மிஞ்சாது. மனையை அரை ஏக்கராகச் சுருக்கினால் அதே 40 வீடுகளும் 20 ஏக்கரில் அடங்கிவிடும்; சாலைக்குப் போக எஞ்சுவது ஓடைக்கும் காட்டுக்கும் தாராளமாகப் போதும். அமெரிக்கத் திட்டமிடல் வல்லுநர் ராண்டல் அரெண்ட் பரிந்துரைக்கும் வரிசை இதுதான்: காக்க வேண்டிய ஓடை, காடு, சதுப்பு, செங்குத்துச் சரிவு ஆகியவற்றை முதலில் குறிக்க வேண்டும், அடுத்து வீடுகள், அதன்பின் அவற்றை இணைக்கும் சாலைகள், கடைசியில்தான் மனை எல்லைகள். நம் கண்முன் நடப்பதோ தலைகீழ். சாலையை முதலில் போட்டுவிட்டு, மனையாகத் தேறாத மூலையைப் பூங்கா என்று வரைபடத்தில் பச்சையடிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கிறது. பேனாவை எடுக்குமுன், நல்ல மழை பெய்த மறுநாள் நிலத்தை ஒருமுறை நடந்து பாருங்கள். தண்ணீர் எங்கே நிற்கிறது, எவ்வழியே ஓடுகிறது என்பதை நிலமே காட்டிவிடும்.

கேள்வி: ஒரு மரத்தையும் வெட்டவில்லை. ஆனாலும் வீடுகள் கட்டி முடித்த மூன்றாம் ஆண்டில் பெரிய மரங்கள் பட்டுப்போயின. ஏன்?

பதில்: வேர்கள் மூச்சுத் திணறியிருக்கும். நீரையும் காற்றையும் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில்தான், ஏறத்தாழ அரை மீட்டர் ஆழத்துக்குள், கிளைவிரிவையும் தாண்டிப் பரவியிருக்கிறது. மரத்தடியில் லாரி நின்றாலோ செங்கல் அடுக்கினாலோ மண் இறுகிவிடும். சேதம் வெளியே தெரிய ஆண்டுகள் ஆகும். அடிமர விட்டத்தைப் போல் 12 மடங்கு ஆரத்தில் வேலி போடுவது பரவலான நடைமுறை. அரை மீட்டர் விட்டமுள்ள மரத்துக்கு 6 மீட்டர். அந்த வேலி, முதல் வண்டி உள்ளே வருமுன் நிற்க வேண்டும்.

கேள்வி: பல சிறு பூங்காக்கள் நல்லவையா, பெரிய பசும்பரப்பு ஒன்றா?

பதில்: விளையாடச் சிறியவை போதும். பறவைகளுக்கும் சிற்றுயிர்களுக்கும் பெரியதே வேண்டும். துண்டுகளாகத்தான் அமையும் என்றால், ஓடைக்கரையைக் கொண்டாவது அவற்றை இணையுங்கள்.

கேள்வி: மழைநீருக்கு நிலத்தடிக் குழாய் இல்லாமல் முடியுமா?

பதில்: மண்ணும் சரிவும் இடம் கொடுத்தால் முடியும். கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகரில் 1970களில் உருவான வில்லேஜ் ஹோம்ஸ் குடியிருப்பில், வீடுகளுக்கிடையே செல்லும் ஆழமற்ற புல்வாய்க்கால்களே மழைநீரை ஏந்தி மண்ணுக்குள் இறக்குகின்றன. அந்த வாய்க்கால்கள் பொதுநிலமாக இருக்கட்டும். தனி மனைக்குள் போனால், என்றாவது ஒருவர் தம் பங்கை மண்கொட்டி மேடாக்கிவிடுவார்.