வெறும் வயித்துல சைனா கிரீன் டீ குடிச்சேன், குமட்டிருச்சு... அலர்ஜியா டாக்டர்?

கேள்வி: கணவருக்கு வேலை மாறி சீனாவுல ஹாங்சோ வந்து மூணு மாசம் ஆகுது. எனக்கு வயசு 34. பக்கத்து வீட்டு பாட்டி லாங்ஜிங் டீன்னு ஒரு சின்ன டப்பா குடுத்தாங்க. நம்ம ஊர் டீ மாதிரியே ரெண்டு ஸ்பூன் போட்டு தளதளன்னு கொதிக்க வச்சு காலைல எழுந்ததும் குடிச்சேன். கொஞ்ச நேரத்துல குமட்டல், அரை மணி நேரத்துல கை நடுக்கம், நெஞ்சு படபடப்பு. போன மாசம் பார்த்தப்ப ஹீமோகுளோபின் 9.8, அதுக்கு இரும்புச்சத்து மாத்திரை காலைல போடுறேன். இது அலர்ஜியா? இனிமே தொடவே கூடாதா? குடிச்சா எடை குறையும்னு வேற சொல்றாங்க.

பதில்: ஏம்மா, உங்க ஹாங்சோ ஊரு மேற்கு ஏரியைச் சுத்தி இருக்க மலைல விளையுற டீ அது, அதுலயும் ஏப்ரல் 5 வாக்குல வர்ற சிங்மிங் திருநாளுக்கு முன்னாடி பறிச்ச துளிர்னா யானை விலை, அதைப் போய் கொதிக்க வச்சுட்டீங்களே! உங்களைச் சொல்லிக் குத்தமில்ல, நானும் மொத தடவை கிரீன் டீல பாலையும் சக்கரையையும் ஊத்திக் குடிச்சவன்தான்.

அலர்ஜி மாதிரி தெரியல. அலர்ஜின்னா பெரும்பாலும் தோல்ல தடிப்பு, அரிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல்னு வரும். அப்படி ஏதாவது வந்திருந்தா டீயைத் தொடாதீங்க, உடனே ஆஸ்பத்திரி போங்க.

நம்ம டீயும் இதுவும் ஒரே செடிதான். லாங்ஜிங்கை பறிச்ச சில மணி நேரத்துலயே சூடான வாணலில கையால அழுத்தி வறுத்துடுவாங்க, அதனால இலை கருக்காது, அதுல இருக்க கேட்டசின்ங்கற துவர்ப்புச் சத்து அப்படியே நிக்கும். பால் ஊத்தினா பால்ல இருக்க புரதம் இந்தத் துவர்ப்பைப் பிடிச்சு வச்சுக்கும், இங்க பாலும் இல்ல, வயித்துல ஒரு பிஸ்கட் கூட இல்ல, இலை ரெண்டு மடங்கு, தண்ணி கொதிநிலை... வயிறு குமட்டாம என்ன பண்ணும்? நடுக்கத்துக்கு காஃபின் காரணமா இருக்கலாம். சாதாரணமா ஒரு பெரிய கப் கிரீன் டீல 30 மில்லிகிராம் வாக்குல இருக்கும், காபில அதுக்கு மூணு மடங்கு, ஆனா நீங்க போட்ட டிகாஷன் கணக்கே வேற.

இப்ப விஷயத்துக்கு வரேன். நீங்க போற போக்குல சொல்லிட்டுப் போன அந்த மாத்திரைதான் எனக்கு உறுத்துது. அன்னைக்கு அதையும் வெறும் வயித்துல போட்டீங்களா? இரும்பு மாத்திரை தனியாவே குமட்டும், அதனால பாதிப் பழி அது மேலயும் இருக்கலாம். அதோட டீல இருக்க அந்தத் துவர்ப்பு, இரும்பைப் பிடிச்சு உடம்புல சேர விடாது. கீரை, பருப்புல இருந்து வர்ற இரும்புக்கும் இதே கதிதான். அதனால மாத்திரைக்கும் டீக்கும் ரெண்டு மணி நேரம் இடைவெளி வேணும், சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரமாவது விடுங்க. மாத்திரையை தண்ணிலயோ ஆரஞ்சு ஜூஸ்லயோ போடுங்க, குமட்டல் தாங்கலைன்னா சாப்பிட்டுட்டு போட்டாலும் பரவாயில்ல.

உங்க வயசுப் பொண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்கு மேல இருக்கணும். 9.8ன்னா நடுத்தர ரத்தசோகை, படபடப்பு அதனாலயும் வரும். டீ குடிக்காத நாள்லயும் மாடி ஏறினா நெஞ்சு அடிச்சுக்குதான்னு கவனிங்க, அடிச்சுக்கிட்டா அங்க ஒரு டாக்டரைப் பாருங்க.

மறுபடி குடிக்கணும்னா பாட்டி எப்படிப் போடுறாங்கன்னு பார்த்துட்டு அதையே செய்ங்க. அந்த ஊர்ல கண்ணாடி டம்ளர்ல ரெண்டு மூணு கிராம் இலையைப் போட்டு, கொதிச்சு கொஞ்சம் ஆறின தண்ணியை, சுமார் 80 டிகிரி, ஊத்துவாங்க, வடிகட்டறதே கிடையாது, முக்கால்வாசி குடிச்சதும் மேல மேல தண்ணி ஊத்திக்கிட்டே இருப்பாங்க. இலை வாய்ல வந்தா பயப்படாதீங்க, லாங்ஜிங் இலை போட்டு இறால் வறுவலே பண்ற ஊர் அது. பதினொரு மணி வாக்குல, டிபன் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு ஒரு டம்ளர் போதும். ஆவி பறக்கக் குடிக்க வேண்டாம், 65 டிகிரிக்கு மேல சூடான பானங்களைத் தொடர்ந்து குடிச்சா உணவுக்குழாய் புற்றுநோய் வர வாய்ப்பிருக்குன்னு உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2016லயே சொல்லிருச்சு. சாயங்காலம் குடிச்சிட்டு தூக்கம் வரலன்னு எனக்கு எழுதாதீங்க.

எடையா? பெருசா ஒண்ணும் குறையாது. ஆனா அதை நம்பி கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட் மாத்திரை பக்கம் மட்டும் போயிடாதீங்க. ஒரு நாளைக்கு 800 மில்லிகிராமோ அதுக்கு மேலயோ ஈ.ஜி.சி.ஜி.ங்கற கேட்டசின் வகை மாத்திரையா உள்ள போனா கல்லீரல் பாதிக்கலாம்னு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018ல எச்சரிச்சிருக்கு. டம்ளர்ல குடிக்கிற டீக்கு அந்த பயம் வேண்டாம்.

மாதவிடாய் எத்தனை நாள், எவ்வளவு போகுதுன்னு எழுதவே இல்லையே? அதையும், குழந்தைக்கு முயற்சி பண்றீங்களான்னும் சொல்லுங்க. அப்படின்னா டீ, காபி எல்லாம் சேர்த்து காஃபின் ஒரு நாளைக்கு 200 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஹீமோகுளோபின் இந்த மாசம் மறுபடி பாருங்க, மாத்திரை ஒழுங்கா சேர்ந்திருந்தா குறைஞ்சது 1 ஏறியிருக்கணும்.