நாற்பது கம்பெனிக்கு ஒரே கவரிங் லெட்டர்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: பி.காம். முடித்து, ஆடிட்டர் அலுவலகத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். திருப்பூர் ஏற்றுமதி நிறுவனங்களில் அக்கவுன்ட்ஸ் வேலைக்கு நாற்பது இடங்களில் விண்ணப்பித்துவிட்டேன். கவரிங் லெட்டரில் கம்பெனி பெயரை மட்டும் மாற்றி அனுப்புகிறேன். ஓர் அழைப்புகூட இல்லை. எங்கே தப்பு? (வாசகி, ஈரோடு)

பெயரை மட்டும் மாற்றினால் நாற்பது இடத்துக்கும் பொருந்துகிறது என்றால், அந்தக் கடிதத்தில் உங்களைப் பற்றியும் எதுவும் இல்லை, அந்தக் கம்பெனியைப் பற்றியும் எதுவும் இல்லை. உங்கள் அனுபவம் நல்ல அனுபவம். அது கடிதத்தில் ஏறவில்லை, அவ்வளவுதான்.

கடிதம் எழுதுவதற்கு முன் விளம்பரத்தை அடிக்கோடிட்டுப் படியுங்கள். 'டேலி, ஜிஎஸ்டி ரிட்டன், ஜாப் ஒர்க் கணக்கு, ஏற்றுமதி ஆவணங்கள்' என்று கேட்டிருந்தால், ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் அந்த முதலாளிக்கு ஒரு தலைவலி இருக்கிறது. பனியன் கம்பெனியில் நூல் வாங்குவது ஓரிடம், நிட்டிங் ஓரிடம், சாயம் இன்னோரிடம். துணி வெளியே போகும் ஒவ்வொரு முறையும் டெலிவரி சலான் போட வேண்டும். இப்படி வெளியே கூலிக்குச் செய்து வாங்குவதுதான் ஜாப் ஒர்க்; அதற்கு அனுப்பியதை ஐடிசி-04 என்ற ஜிஎஸ்டி படிவத்தில் காட்ட வேண்டும்: ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் என்றால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, அதற்குள் என்றால் ஆண்டுக்கு ஒரு முறை. ஐஜிஎஸ்டி (ஏற்றுமதிக்கும் மாநிலம் தாண்டிய விற்பனைக்கும் உள்ள ஜிஎஸ்டி) கட்டி ஏற்றுமதி செய்பவர்களுக்கு, விற்பனை விவர ரிட்டனான ஜிஎஸ்டிஆர்-1-ல் போட்ட இன்வாய்ஸ் விவரமும் சுங்கத்துறையில் கொடுக்கும் ஷிப்பிங் பில்லில் உள்ளதும் ஒத்துப்போகாவிட்டால் ரீஃபண்ட் நின்றுவிடும். கம்பெனியின் பணம் முடங்குகிற இடம் அது. இதில் எது உங்களுக்குக் கைவந்த வேலையோ, அதுதான் கடிதத்தின் முதல் பத்தியில் வர வேண்டும்.

ஒரு பக்கம், நான்கு பத்தி, 250 சொல்லுக்குள் முடியுங்கள். முதல் பத்தியில் எந்த வேலைக்கு, விளம்பரம் எங்கே பார்த்தது, உங்கள் வலுவான ஒரு தகுதி. இரண்டாவதுதான் உயிர். 'ஜிஎஸ்டி தெரியும்' என்று எழுதுவதில் பயனில்லை. 'மாதம் பன்னிரண்டு நிறுவனங்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 11-ம் தேதிக்குள்ளும் 3பி 20-ம் தேதிக்குள்ளும் தாக்கல் செய்தேன். ஜிஎஸ்டிஆர்-2பி-யைக் கொள்முதல் பதிவோடு ஒப்பிட்டு விடுபட்ட பில்களைக் கேட்டு வாங்கினேன்' என்று எழுதுங்கள். (3பி என்பது வரி கட்டும் சுருக்க ரிட்டன்; 2பி என்பது நமக்கு விற்றவர்கள் காட்டிய பில்களின் பட்டியல்.) எண்ணிக்கை உங்களுடைய உண்மையான எண்ணிக்கையாக இருக்கட்டும். நேர்காணலில் முதல் கேள்வியே அதிலிருந்துதான் வரும். கிளையண்ட் பெயர்களை மட்டும் எழுத வேண்டாம். 'இரண்டு நிட்டிங் யூனிட், ஒரு டையிங் யூனிட்' என்றாலே போதும். பழைய ஆபீஸின் ரகசியத்தைக் காக்காத ஆளை எந்தக் கம்பெனியும் தன் கணக்குப் புத்தகத்தின் பக்கம் விடாது.

மூன்றாவது பத்தியில் உங்களிடம் இல்லாததை ஒளிக்காமல் சொல்லுங்கள். ஷிப்பிங் பில் வேலை நேரடியாகச் செய்ததில்லை என்றால் அதை ஒரு வரியில் எழுதி, அடுத்த வரியில் எது தெரியும் என்று எழுதுங்கள்: ஐஜிஎஸ்டி கட்டாமல் ஏற்றுமதி செய்யக் கொடுக்கும் உறுதிமொழியான எல்.யு.டி.யை ஒவ்வொரு நிதியாண்டும் புதிதாகத் தாக்கல் செய்த அனுபவம் இருந்தால், அதற்கு இடம் இதுதான். கடைசிப் பத்தியில் எப்போது சேர முடியும், எந்த எண்ணில் அழைக்கலாம்.

இப்படி ஒரு கடிதத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். வாரத்துக்கு ஐந்தாறு அனுப்பினால் போதும்.

கேள்வி: ரெஸ்யூமை அழகாக இரண்டு நெடுவரிசையாக (காலம்) டிசைன் செய்து, படமாகச் சேமித்து அனுப்புகிறேன். சரியா? (வாசகர், மதுரை)

வேண்டாம். பெரிய நிறுவனங்களில் ரெஸ்யூமை முதலில் மென்பொருள்தான் பிரித்துப் படிக்கிறது. படத்தில் உள்ள எழுத்தைப் பல மென்பொருள்கள் எடுக்காது; இரண்டு நெடுவரிசை இருந்தால் வரிகளைக் கலந்துவிடவும் கூடும். ஒரே நெடுவரிசை, பிடிஎஃப், கோப்பின் பெயரில் உங்கள் பெயரும் பதவியும். பிடிஎஃப்-ஐத் திறந்து ஒரு வரியை நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள். எழுத்து ஒழுங்காக வந்தால் நல்லது. மின்னஞ்சலில் அனுப்பும்போது கவரிங் லெட்டரை மெயிலுக்குள்ளேயே எழுதுங்கள். இரண்டாவது இணைப்பைத் திறக்கப் பலர் மெனக்கெடுவதில்லை.

கேள்வி: குழந்தைக்காக மூன்று வருடம் வீட்டில் இருந்தேன். மீண்டும் அக்கவுன்ட்ஸ் வேலை தேடுகிறேன். இந்த இடைவெளியை எப்படி எழுதுவது? (வாசகி, கரூர்)

ஒரு வரி போதும்: 'குழந்தை வளர்ப்புக்காக மூன்று ஆண்டுகள் விடுப்பில் இருந்தேன்; இப்போது முழுநேர வேலைக்குத் தயார்.' மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டவே வேண்டாம். குழந்தையை வளர்த்தது குற்றமல்ல. ஆனால் எதிரே இருப்பவருக்கு ஒரு நியாயமான சந்தேகம் வரும்: மாறிய விதிகள் இவருக்குத் தெரியுமா? அதற்கு நீங்களே முந்திக்கொண்டு பதில் சொல்லுங்கள். 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் (அரசு இணையத்தில் பதிவு செய்யும் பில்) கட்டாயம். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான ஆயத்த ஆடைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். முன்பு அந்த வரம்பு 1,000 ரூபாய். இவற்றைப் படித்து, டேலியில் போட்டுப் பழகிவிட்டு, 'இந்த மாற்றங்களின்படி பில் போடப் பயின்றுள்ளேன்' என்று எழுதுங்கள். பழகாமல் எழுதினால் கணினி முன் உட்கார வைத்ததும் தெரிந்துவிடும்.

கேள்வி: நௌக்ரி, லிங்க்ட்இன் தவிர வேறு எங்கே தேடலாம்? (வாசகர், திண்டுக்கல்)

தமிழ்நாடு அரசின் தனியார்துறை வேலை இணையத்தில் இலவசமாகப் பதியலாம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் தனியார் துறை முகாம்கள் நடத்துகின்றன. தேதியை அலுவலகத்தில் கேளுங்கள். சிறு கம்பெனிகள் பல இணையத்துக்கே வருவதில்லை. கேட்டில் 'ஆட்கள் தேவை' என்று எழுதுவார்கள், இல்லாவிட்டால் தங்கள் ஆடிட்டரிடம் சொல்லி வைப்பார்கள். எனவே உங்கள் ஊர் ஆடிட்டர் அலுவலகங்களுக்கு நேரில் போய் ரெஸ்யூம் கொடுங்கள், ரிட்டன் கெடுவான மாதத்தின் 11-ம் தேதியையும் 20-ம் தேதியையும் ஒட்டிய நாட்கள் தவிர!

அனுப்பிய தேதி, கம்பெனி, பதவி, எந்த ரெஸ்யூம் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பத்து நாளில் பதில் இல்லையென்றால் மூன்று வரியில் ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: வேலை உறுதி, பதிவுக் கட்டணம் 3,000 ரூபாய் கட்டு என்று வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள். கட்டலாமா? (வாசகர், சேலம்)

கட்டாதீர்கள். ஆதார், பான், வங்கி விவரம் எதையும் அனுப்பாதீர்கள். ஒழுங்கான நிறுவனம் இவற்றைச் சேரும்போதுதான் கேட்கும். ஏற்கெனவே பணம் போயிருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் புகார் கொடுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் கைமாறும் முன் அந்தக் கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு.