பெயின்ட் உதிர்ந்த கிட்டாரை வாங்கலாமா?

கேள்வி: ஐயா, நான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன். சர்ச்சில் கிட்டார் வாசிக்கிறேன். அரக்கோணத்தில் ரயில்வேயில் இருந்து காலமான ஒருவருடைய பழைய எலெக்ட்ரிக் கிட்டாரை அவர் மனைவி விற்கிறார். 15,000 ரூபாய் சொல்கிறார். தலையில் கம்பெனி பெயர் இல்லை. நாலு பிக்கப் (கம்பியின் அதிர்வை எடுக்கும் காந்தச் சுருள்), வரிசையாகச் சின்னச் சின்ன சுவிட்சுகள். பின்பக்கத் தகட்டில் 'மேட் இன் ஜப்பான்', 'ஸ்டீல் ரீஇன்ஃபோர்ஸ்டு நெக்' என்று அடித்திருக்கிறது. பெயின்ட் பாதி போய்விட்டது, ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்) தேய்ந்திருக்கிறது. இந்தக் காசுக்குப் புதுசே வரும் என்கிறார் அப்பா. வாங்கினால் பட்டி பார்த்து டூக்கோ பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்கிறான் நண்பன். என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, முதலில் அந்த டூக்கோவை மறந்துவிடுங்கள். மற்றதைப் பேசலாம்.

வேலூரில் கல்யாணக் கச்சேரி செய்த ஆர்கெஸ்ட்ராக்களுக்கு ஆம்ப்ளிஃபயரும் கிட்டாரும் பழுது பார்த்தே என் காலம் போயிற்று. நீங்கள் சொல்லும் வகையை நிறையத் திறந்து பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் 1960-களில் ஜப்பானில் ஏற்றுமதிக்கென்று செய்ததாக இருக்கும். டெய்ஸ்கோ மாதிரி கம்பெனிகள் ஒரே பட்டறையில் செய்து, வாங்குகிற கடைக்காரர் கேட்ட பெயரை ஒட்டி அனுப்பினார்கள். அதனால் தலையில் பெயர் இல்லை என்று சந்தேகப்பட வேண்டாம். அந்த நாளில் இந்தச் சாமான் நம் பக்கம் வருவதென்றால் கப்பலில் வேலை செய்தவர் யாராவது கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் பர்மா பஜார். அரக்கோணம், ஜோலார்பேட்டை ரயில்வே குடியிருப்புகளில் அப்போது ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய இருந்தன. அங்கே கிட்டார் இருந்ததில் ஆச்சரியமில்லை.

தகட்டில் இருக்கும் அந்த வாசகம்தான் முக்கியம். நெக்குக்குள், அதாவது கிட்டாரின் கழுத்துக்குள், இரும்புப் பட்டை இருக்கிறது என்று அர்த்தம். இப்போதைய கிட்டார்களில் திருகி வளைவு எடுக்கிற டிரஸ் ராட் இருக்கும். இந்த வகையில் பெரும்பாலும் அது கிடையாது. அது இல்லாமல் நெக் வளைந்திருந்தால் சாவி போட்டு நிமிர்த்த முடியாது. ஆகவே போனவுடன் பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். முதல் ஃப்ரெட்டில் ஒரு விரல், கடைசி ஃப்ரெட்டில் ஒரு விரல் வைத்து ஆறாவது கம்பியை (மிகத் தடித்தது) அழுத்துங்கள். நடுவில், ஏழாவது ஃப்ரெட் பக்கம், கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே விசிட்டிங் கார்டு நுழைகிற இடைவெளி இருந்தால் நல்லது. ஒரு ரூபாய் நாணயம் நுழைந்தால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். முதல் கம்பியிலும் இதையே செய்யுங்கள். இரண்டிலும் வேறு வேறு மாதிரி வந்தால் நெக் முறுக்கிக்கொண்டிருக்கிறது.

அடுத்தது பிக்கப். கையில் ஒரு மல்டிமீட்டர் கொண்டுபோங்கள். கிட்டாரில் வயரைச் சொருகி, வால்யூமை முழுக்கத் திறந்து, ஒவ்வொரு பிக்கப்பாகப் போட்டு, வயரின் மறுமுனைப் பின்னில் நுனியையும் உடம்பையும் தொட்டு ஓம்ஸ் பாருங்கள். பொதுவாக நாலு முதல் பத்து கிலோ ஓம்ஸுக்குள் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் சுவிட்சைப் பத்து தரம் தட்டிவிட்டு மறுபடி பாருங்கள். பாதி நேரம் அழுக்குதான் காரணம், காண்டாக்ட் கிளீனர் அடித்தால் உயிர் வந்துவிடும். அதற்கும் மசியவில்லை என்றால் உள்ளே காயில் அறுந்திருக்கிறது. ஃபேன் வைண்டிங் கடையில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அந்தச் செம்புக் கம்பி ஏறக்குறைய 0.06 மில்லிமீட்டர்தான், ஆயிரக்கணக்கான சுற்று. அதற்கென்று இருப்பவர்களிடம்தான் போக வேண்டும். நாலில் ஒன்று போயிருந்தால் வாங்கலாம். மூன்று போயிருந்தால் வேண்டாம்.

ஃப்ரெட் தேய்வது செருப்பு தேய்வது போல. முதல் மூன்று ஃப்ரெட்டில், மெல்லிய கம்பிகளுக்கு அடியில் பள்ளம் விழுந்திருக்கும் பாருங்கள். பழைய சொந்தக்காரர் பெரும்பாலும் கார்டு (chord, பல கம்பிகளைச் சேர்த்து அழுத்துவது) பிடித்து வாசித்தவர் என்று தெரிந்துவிடும். இந்த வகையில் ஃப்ரெட்டே சன்னமாக இருக்கும். ராவி எடுக்க அதிகம் மிச்சமிருக்காது. புது ஃப்ரெட் போடும் செலவையும் இப்போதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். சென்னையிலோ பெங்களூரிலோ கொடுத்துச் செய்யுங்கள்.

பெயின்ட் விஷயத்துக்கு வருகிறேன். முழங்கை உரசும் இடத்தில் மரம் தெரியும், நெக்கின் பின்புறம் கட்டைவிரல் ஓடிய இடம் வழவழவென்று இருக்கும். பல வருஷம் ஒரு மனிதர் வாசித்த அடையாளம் அது, பட்டி வைத்து மூடலாமா? அயர்லாந்து கலைஞர் ரோரி கல்லகரின் 1961 ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் பெயின்ட் பெரும்பகுதி உதிர்ந்துதான் இருந்தது; 2024-இல் லண்டன் ஏலத்தில் 8 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. அதைச் செய்த ஃபெண்டர் கம்பெனியே 1990-களிலிருந்து புது கிட்டாரைத் தேய்த்துப் பழசாக்கிக் கூடுதல் விலைக்கு விற்கிறது. உங்களுக்கு நிஜமான தேய்மானமே கிடைக்கிறது.

அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சுருதி நிற்பதில் இன்றைய புது கிட்டார் இதைவிட மேல். ஆராதனைக்கு வாசிக்க ஒரே ஒரு கிட்டார்தான் வேண்டும் என்றால் புதுசு வாங்குங்கள். வேறொன்று கையில் இருந்தால், நெக்கும் நேராக இருந்தால், நான் இதைத்தான் வாங்குவேன். பழைய ஜப்பான் பிக்கப்பின் அந்தக் கரகரப்பான குரல் எனக்கு மிகவும் பிடிக்கும்.

அந்த அம்மாவிடம் அடித்துப் பேரம் பேசாதீர்கள். பழுதைக் காட்டி, செலவைச் சொல்லி, நியாயமாகக் கேளுங்கள். பழைய பெட்டி, பட்டன், திருகு எதுவானாலும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். அவர் கணவர் இந்தக் கிட்டாரோடு எடுத்த போட்டோ இருந்தால் செல்போனில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கியபின் நம் ஊர் மே மாத வெயிலில் சிமென்ட் ஷீட்டுக்கு அடியிலும் பரணிலும் வைக்கவே கூடாது. தோள் வாருக்கு நீங்கள் எங்கும் அலைய வேண்டாம், ஆம்பூரிலேயே நல்ல தோலில் தைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: பழைய ஜப்பான் வால்வு ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) ஒன்று கிடைத்திருக்கிறது. இரண்டு பின் பிளக், '100 வோல்ட்' என்று போட்டிருக்கிறது. வீட்டில் சொருகலாமா? (ராணிப்பேட்டை வாசகர்)

பதில்: சொருகாதீர்கள். நம் வீட்டில் 230 வோல்ட், உடனே எரியும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து 100-க்குக் குறைத்தாலும் ஆபத்து தீராது, ஏனென்றால் எர்த் இல்லை. கிட்டார் கம்பி ஆம்ப்பின் உடம்போடு சேர்ந்தது. அதில் கரண்ட் கசிந்தால், கை கம்பியிலும் உதடு மைக்கிலும் இருக்கும்போது ஷாக் உடம்பு வழியாகப் பாயும், உயிரே போகலாம். வால்வு செட் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து மூன்று பின் வயர் போட்டு, சேசிஸில் (உலோக உடம்பில்) எர்த் இணைத்து, பழைய கண்டென்சர்களை மாற்றிக்கொள்ளுங்கள். நீங்களே திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே சார்ஜ் நிற்கும்.