டெர்ரி பிராட்செட்டின் ‘சோல் மியூசிக்’ நாவலில் மரணத்துக்கு என்ன வேலை?

‘டிஸ்க்வேர்ல்ட்’ என்ற கற்பனை உலகத் தொடரில் 1994இல் வந்த இந்த நாவலில் மரணம் ஒரு கதாபாத்திரம், வெள்ளைக் குதிரையில் வரும் எமன். வளர்ப்பு மகளும் மருமகனும் இறந்த துக்கத்தில் அவர் வேலையை விட்டுப் போய்விட, பொறுப்பு பேத்தி சூசன் தலையில் விழுகிறது.

அவள் உயிரெடுக்க வேண்டிய பையன் இம்ப், இசைக்கலைஞன். மதுக்கடையில் வாசிக்கும்போது அவனுடைய ஆயுளை அளக்கும் மணல் கடிகாரத்தில் கடைசி மணலும் இறங்கிவிடுகிறது. ஆனால் கையிலிருக்கும் கிட்டார் அவனைச் சாகவிடவில்லை. அதன்பின் இசைதான் அவனை வாசிக்கிறது. புகழ், ரசிகர் கூட்டம் எல்லாம் அந்தக் கடன் உயிரில் வருபவை.

அவனது முழுப்பெயர் ‘இம்ப் ஒய் கெலின்’. வெல்ஷ் மொழியில் ஹோலிச் செடியின் மொட்டு (ஆங்கிலத்தில் ‘பட்’) என்று பொருள். 1959இல் விமான விபத்தில் 22 வயதில் இறந்த பாடகர் பட்டி ஹோலியைத்தான் பிராட்செட் சொல்கிறார். அது புரிந்தபின் முதல் பக்கத்துக்கே திரும்பிப் போனேன்.