பிரிகேடில் சேர்ந்தால் கேஸ் வருமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, 491 என்கிற தற்காலிகப் பிராந்திய விசாவில் ஆஸ்திரேலியாவுக்கு, நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்து வாகா வாகா பக்கம் வந்திருக்கிறீர்கள். பக்கத்துப் பண்ணைக்காரர் ஊர்த் தீயணைப்புப் பிரிகேடில் தொண்டராகச் சேரக் கூப்பிடுகிறார். "சேர்ந்த பிறகு ஒரு வீடு எரிந்துபோனால் என் மேல் கேஸ் போடுவார்களா, பி.ஆர். (நிரந்தரக் குடியுரிமை விசா) கெட்டுப்போகுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே பள்ளிக்கூடம், வாடகை, இந்தியக் கடை பற்றியும் கேள்விகள். அவற்றுக்குப் பதில் சொல்ல நிறையப் பேர் உண்டு. விசாவுக்கு மைக்ரேஷன் ஏஜென்ட்டைக் கேளுங்கள். கேஸ் விஷயத்தை நான் சொல்கிறேன். நியூ சவுத் வேல்ஸின் கிராமப்புறத் தீயணைப்புப் படையான ரூரல் ஃபயர் சர்வீஸின் மஞ்சள் சட்டையைப் பல வருடமாகப் போடுகிறவள் நான்.

இந்தப் பயம் நம்மோடு விமானம் ஏறி வந்த பயம். ரோட்டில் அடிபட்டவரைத் தூக்கினால் சாட்சி சொல்ல அலைய விடுவார்கள் என்று கேட்டுத்தானே வளர்ந்தோம். இந்தியாவிலேயே 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, உதவுகிறவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுத்துவிட்டார்கள். பயம் மட்டும் இன்னும் போகவில்லை. நான் சேர்ந்தபோது சிட்னியில் இருக்கும் நம் ஆட்கள், "உனக்கெதுக்கு இந்த வேலை, வீட்டையே எழுதி வாங்கிவிடுவான்" என்றார்கள். அவர்களில் ஒருவர்கூடச் சட்டத்தைப் படித்தவரில்லை. இன்றைக்கும் வாட்ஸ்அப்பில் அதையே சுற்றவிடுகிறார்கள். எனக்கு இது பெரிய மனக்குறை.

சட்டம் சொல்வது இதுதான். 1997-ஆம் வருட ரூரல் ஃபயர்ஸ் ஆக்ட், 128-வது பிரிவு: அந்தச் சட்டத்தின் வேலையை நல்ல நோக்கத்தோடு செய்யும்போது நடந்த எதற்கும் உங்கள் மேல் தனிப்பட்ட பொறுப்பு விழாது. 2002-ஆம் வருட சிவில் லயபிலிட்டி ஆக்டிலும் தொண்டர்களுக்குத் தனிப் பாதுகாப்பு இருக்கிறது.

ஏட்டில் இருந்தால் போதுமா என்று கேட்பீர்கள். கான்பெர்ராவைப் பாருங்கள். 2003 ஜனவரி 8 அன்று பிரிண்டபெல்லா மலையின் நியூ சவுத் வேல்ஸ் பக்கத்தில் மின்னல் விழுந்து பிடித்த தீ, 18-ஆம் தேதி நகரத்துக்குள் வந்தது. நான்கு பேர் இறந்தார்கள், ஏறக்குறைய 500 வீடுகள் போயின. ஆரம்பத்திலேயே மும்முரமாக அணைக்கவில்லை என்று காப்பீட்டு நிறுவனமும் நிலக்காரர்களும் வழக்குப் போட்டார்கள். போட்டது நியூ சவுத் வேல்ஸ் அரசாங்கத்தின் மேல். குழாய் பிடித்த ஆட்களிடம் யாரும் பணம் கேட்கவில்லை. அரசாங்கம் ஜெயித்தது, 2014-ல் அப்பீலிலும் ஜெயித்தது.

அப்புறம், பயப்பட வேண்டிய இடமும் இருக்கிறது. அதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

முதலில் வண்டி. பேஜர் அடித்ததும் சொந்தக் காரை எடுத்துக்கொண்டு பிரிகேடு ஷெட்டுக்குப் பறக்கிறார்களே, அந்தக் காருக்கு எந்தச் சலுகையும் கிடையாது. வேகத்துக்கு அபராதம் வரும், லைசென்ஸில் பாயின்ட் போகும். லாரியில் சைரனும் விளக்கும் போட்டிருந்தாலும் நிதானம் தவறி ஒருவரை இடித்தால் அது போலீஸ் விவகாரம், 128 வந்து காப்பாற்றாது. நான் திருநெல்வேலியில் சைக்கிளுக்கு மேல் எதையும் தொட்டதில்லை. இங்கே வந்து கனரக லைசென்ஸ் எடுத்து பெரிய டேங்கர் ஓட்டுகிறேன். சிவப்பு விளக்கில் இன்றைக்கும் நின்று பார்த்துத்தான் போவேன். பின்னால் இருக்கும் பையன்கள் அவசரப்படுவார்கள், படட்டும்.

இரண்டாவது குடி. பார்பெக்யூவில் பியர் குடித்திருந்தால் பேஜருக்குப் பதில் சொல்லாதீர்கள். போதையில் செய்த வேலைக்கு அந்த 2002 சட்டம் துணை வராது. அதேபோல உத்தரவு இல்லாமல் நீங்களாக எதிர்த்தீ (பெரிய தீ வரும் பாதையை நாமே முன்கூட்டி எரிப்பது) வைக்கவே கூடாது.

எதிர்த்தீ என்றதும் 2019 டிசம்பர் 14 ஞாபகம் வருகிறது. மவுண்ட் வில்சன் பக்கம், காஸ்பர்ஸ் மவுன்டன் தீயைத் தடுக்க வைத்த எதிர்த்தீ கைமீறி வீடுகளை எரித்தது. ஊர்க்காரர்களின் கோபம் நியாயமானது, வீடு போனவர்கள் அவர்கள். அதற்குப் பிறகு எங்கள் ஷெட்டில் பல வாரம் இதே பேச்சுதான். கேஸ் வருமா என்பதைவிட, தீயையும் சாவையும் விசாரிக்கும் அதிகாரியான கொரோனர் முன்னால் நின்று "அந்த நேரத்தில் ஏன் அப்படி முடிவெடுத்தாய்" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிவருமே என்பதுதான் எல்லோருக்கும் உறுத்தியது. அந்தப் பயம் எனக்கும் உண்டு. அதனால்தான் சட்டைப் பையில் சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். என்ன உத்தரவு, யார் சொன்னது, எத்தனை மணிக்கு, காற்று எந்தப் பக்கம். களைத்துப்போய் வந்தாலும் எழுதாமல் தூங்க மாட்டேன். நீங்களும் முதல் நாளிலிருந்தே எழுதிப் பழகுங்கள்.

நான் வந்த புதிதில் வாடகைக்குக் கிடைத்தது புதர் ஓரத்துப் பலகை வீடு. கூரை ஓரத்து மழைத்தண்ணீர்த் தொட்டிக்கால் நிறைய யூகலிப்டஸ் சருகு. வீட்டைப் பிடித்துக் கொடுத்த ஏஜென்ட் தீ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேஸ் அடுப்பு பற்றியும் குப்பைத் தொட்டி பற்றியும் பக்கம் பக்கமாகக் காகிதம் கொடுத்தார்கள். டோட்டல் ஃபயர் பேன் (வெளியே தீ மூட்டவே கூடாது) என்று ரோட்டோரம் போர்டு இருக்கும், அது யாருக்கோ என்று கடந்துபோவோம். முதல் கோடையில் மேற்கே புகை எழும்பியபோது கதவைத் தட்டியது பிரிகேடு ஆட்கள்தான். ஏணி போட்டு ஏறிச் சருகை வாரிப்போட்டார்கள், குழந்தையோடு என்னை டவுனுக்கு அனுப்பினார்கள். ஒருவர் வங்கி ஊழியர், ஒருவர் பால் பண்ணைக்காரர், ஒரு பள்ளிக்கூட டீச்சர். அந்த டீச்சரம்மாதான் பிறகு எனக்கு ரேடியோவில் பேசக் கற்றுக்கொடுத்தார்.

சரி, சேருவதென்றால் குற்றப் பின்னணிச் சோதனை இருக்கும், அது எல்லோருக்கும் உள்ளதுதான். அடிபட்டால் தொண்டர்களுக்கென்றே 1987-லிருந்து இழப்பீட்டுச் சட்டம் இருக்கிறது. தீக்குப் போக வேலையில் சம்பளமில்லா விடுப்பு கேட்கலாம், இங்கத்திய வேலைச் சட்டமான ஃபேர் வொர்க் ஆக்டில் உண்டு. மேனேஜரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பயிற்சி இரவுக்கு மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். குழாய் பிடிக்க மனமில்லாதவர்களுக்கு ரேடியோவும் வரைபடமும் சாப்பாட்டு ஏற்பாடும் இருக்கின்றன. அதற்கு எப்போதும் ஆள் பற்றாக்குறை.