பிரைமிங் நாம் எடுக்கும் முடிவை உண்மையிலேயே மாற்றுமா?

‘ப_ம்’ என்று எழுதி, நடு எழுத்தை யாரையாவது நிரப்பச் சொல்லுங்கள். சற்று முன் வங்கிக் கடனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் ‘பணம்’ என்று நிரப்ப வாய்ப்பு அதிகம். மாம்பழ சீசனைப் பற்றிப் பேசியவர் ‘பழம்’ என்பார். முன்பு காதில் விழுந்தது அடுத்த நினைப்புக்கு வழி திறந்துவைக்கிறது. இதுதான் பிரைமிங்.

கடையிலும் இது நடக்கும். இங்கிலாந்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் ஒயின் அலமாரி அருகே உளவியலாளர் அட்ரியன் நார்த் குழுவினர் இரண்டு வாரம் ஒருநாள் பிரெஞ்சு இசை, மறுநாள் ஜெர்மன் இசை என்று மாற்றி மாற்றிப் போட்டார்கள். இரு நாட்டு ஒயின்களும் ஏறக்குறைய ஒரே விலை. பிரெஞ்சு இசை ஒலித்தபோது பிரெஞ்சு ஒயின் 40 பாட்டில் போனது, ஜெர்மன் வெறும் 8. ஜெர்மன் இசைக்கு ஜெர்மன் 22, பிரெஞ்சு 12. 1997இல் வெளியான ஆய்வு இது. வாங்கியவர்களைக் கேட்டால், பெரும்பாலோர் “பாட்டா? அதெல்லாம் இல்லை” என்றார்களாம்!

கவனியுங்கள், ஒயின் வேண்டாதவரை இசை வாங்க வைத்தது என்று இதற்கு அர்த்தமில்லை. எதை எடுத்தாலும் சரி என்றிருப்பவரிடம்தான் இந்தச் சின்னத் தள்ளல் எடுபடும் என்பது என் கணிப்பு.

அப்புறம், எல்லா பிரைமிங் கதைகளையும் நம்பிவிடாதீர்கள். முதுமை தொடர்பான சொற்களைப் படித்த மாணவர்கள் மெதுவாக நடந்தார்கள் என்று உளவியலாளர் ஜான் பார்ஜ் குழு 1996இல் சொன்னது மிகப் பிரபலம். 2012இல் வெளியான பெல்ஜிய ஆய்வு ஒன்றில் அதே சோதனையைத் திரும்பச் செய்து, நடை வேகத்தைத் தானியங்கிக் கருவி வைத்து அளந்தபோது அந்த வேறுபாடே தெரியவில்லை. மெதுவாக நடப்பார்கள் என்று எதிர்பார்த்த ஆய்வாளர்கள் உடனிருந்தபோதுதான் அது தலைகாட்டியது.